எடை: அறுபத்திரண்டு

திரெட்போ மலையடியில், வாடகைக் கடையில்,
ஈரக் காலுறை மணக்கிற வரிசையில் நின்று
ஆளுக்கொரு படிவம் நிரப்பினோம்.
பெயர். வயது. உயரம்.
எடை என்ற கட்டம் வந்ததும்
பேனை கொஞ்சம் யோசித்தது.
பின்னால் சித்ரலேகா எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
அறுபத்திரண்டு என்று எழுதினேன்.

மகன் பிறப்பதற்கு முந்தைய வருடத்து எடை அது.
அப்படிப் பார்த்தால் பொய்யும் இல்லை,
பழைய முகவரியைக் கொடுப்பது மாதிரித்தான்.

கடைசிக் கட்டம்: சறுக்குவதில் நீங்கள் எப்படி?
தயாபரன் 'தேர்ந்தவர்' என்பதற்கு நேரே
அழுத்தமாக ஒரு சரி போட்டார்.
அதுவரை அவர் தொட்ட பனியெல்லாம்
எங்கள் குளிர்பெட்டியின் மேல்தட்டில்
மீன் பொதிகளைச் சுற்றி வளர்ந்தது.
நான் அவர் கட்டத்தைப் பார்த்தேன்.
அவர் என் கட்டத்தைப் பார்த்தார்.
ஒன்றும் கதைக்கவில்லை.

ஜூலை. நாட்காட்டியில் ஆடி பிறந்து நாலு நாள்.
ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம்.
இங்கே அம்மியைப் பறக்கவிட
ஒரு நாளைக்கு இருநூறு டொலருக்கு மேல் எடுக்கிறார்கள்.

பழகுகிறவர்களின் சரிவில்
நகரும் கம்பளம் என்னை மேலே கொண்டுபோய் விட்டது.
முழங்காலை மடித்தேன்.
நாலு முழம் போயிருப்பேன்,
இடது பலகை கழன்று தனியே கிடந்தது.
மாட்டினேன். வளைந்தேன். வலது கழன்றது.
ஒருமுறை நின்ற இடத்தில் தும்மினேன்,
அதற்கும் கழன்றது.
ஐந்து வயதுப் பிள்ளைகள் தலைக்கவசங்களோடு
என்னை வீதி வட்டம்போலச் சுற்றிக்கொண்டு போனார்கள்.
ஒருத்தி மட்டும் நின்று,
"நீங்கள் இன்னும் இங்கேதானா?" என்றாள்.

கடையில் கேலம் என்றொரு பையன்,
மூக்குத் தோல் வெயிலில் உரிந்தவன்,
படிவத்தைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
மறுபடி படிவத்தைப் பார்த்தான். நல்ல பிள்ளை.
"எடையை வைத்துத்தான் இந்தப் பிணைப்பை இறுக்குவோம்.
குறைத்து எழுதினால் சும்மா சும்மா விட்டுவிடும்.
தேர்ந்தவர் என்று எழுதினால் இன்னும் இறுக்குவோம்,
விடவேண்டிய நேரத்திலும் விடாது.
இந்த எண் இன்னும் சரிதானா?"
என்று, கிழமை கேட்பதுபோலக் கேட்டான்.

எழுபத்தொன்று என்றேன்.
நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.
ஒரு தலையும் திரும்பவில்லை.
ஒரு சின்னத் திருகாணி, அரைச் சுற்று.
ஒன்பது கிலோவும் அதற்குள் அடங்கிவிட்டது.

அதன்பிறகு நான் சறுக்கினேன்.
சொன்னால் நம்பவேண்டும்:
உச்சியிலிருந்து கம்பிவேலி வரைக்கும்,
கை இரண்டும் கூடை சுமப்பதுபோல முன்னால் நீட்டியபடி,
விழாமல், நாற்பது விநாடி.
வேலியில் மோதித்தான் நின்றேன். அது வேறு கதை.

வேலியில் தொங்கும்போது கைப்பேசி அடித்தது.

மீட்புக் குடிலில் தயாபரன்
காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.
உலகம் முழுக்கப் பனியாய்க் கிடக்க
முழங்காலில் ஐஸ் பொதி ஒன்று.
"பலகை கழரவேயில்லை" என்றாள் மீட்புக்காரி,
"எத்தனை வருடமாகச் சறுக்குகிறீர்கள்?"
அவர் சுவரைப் பார்த்தார்.
"இன்று காலையில் இருந்து."
நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.
பதினாறு வருடத்தில் அந்தக் குரலை
இரண்டு மூன்று தடவைதான் கேட்டிருப்பேன்.

விடுதிக்குப் பதினொரு மரப்படி, உறைந்து வழுக்கியது.
என் தோளைத் தொட்டும் தொடாமலும் நின்றார்.
"போடுங்கோ, முழுப் பாரத்தையும் போடுங்கோ" என்றேன்,
"எழுபத்தொரு கிலோ நிற்கிறன், சரியமாட்டன்."
"தெரியும்" என்றார்.
"என்ன தெரியும்?"
"எழுபத்தொன்று."

ஏழாம் படியில் மூச்சு வாங்க நின்றோம்.
சித்ரலேகா மேலே கதவைத் திறந்து பிடித்தபடி
குளிர் உள்ளே வருகுது, கெதியா வாங்கோ
என்று கத்திக்கொண்டிருந்தாள்.